நங்கூரம் போட்ட இடமும் அடுத்தவர் கொல்லைப்புறமும்

அத்தியாயம் 9

புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் சில்வியா ஏரி என்றொரு சிறு நீர்நிலை இருக்கிறது. கடலோரக் கால்வாயிலிருந்து குறுகலான வாய் வழியே உள்ளே நுழைந்தால் சுற்றிலும் பெரிய பெரிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கரைச்சுவர், அதை ஒட்டிச் சொந்தப் படகுத்துறை. பஹாமாஸுக்குப் போகிற பாய்மரப் படகுகள் காற்று திரும்பும்வரை இங்கேதான் காத்திருக்கும். அலை இல்லை, ஆழமும் போதும், வாடகையும் இல்லை.

படகில் இருப்பவருக்கு அது ஓர் இரவுத் தங்கல். கரையில் இருப்பவருக்கோ, பல லட்சம் டாலர் கொட்டி வாங்கிய கொல்லைப்புறத்தில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். சண்டை இங்கே தொடங்குகிறது. சில்வியாவில் மட்டுமல்ல, இந்த மாநிலத்தின் நீர்க்கரைகள் பலவற்றிலும் இதே கதைதான்.

நீங்கள் படகு வைத்திருப்பவராக இருக்கலாம், கரையோரம் வீடு வாங்கியவராக இருக்கலாம். இந்த அத்தியாயம் இருவருக்கும் பொது. உங்களுக்கான பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். எதிராளியின் பக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது.

தண்ணீர் யாருடையது?

புளோரிடா 1845-இல் அமெரிக்க மாநிலமானது. படகு ஓடக்கூடிய நீர்நிலைகளின் அடித்தரை அன்றே மாநிலத்தின் பொறுப்பில் வந்தது. மாநில அரசியலமைப்பின் பத்தாம் பிரிவு, அந்தத் தரையை எல்லா மக்களுக்காகவும் அரசு பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்கிறது. கடலோரத்தில் எல்லைக்கோடு சராசரி உயர் ஓதக் கோடு. ஓதம் ஏறும்போது தண்ணீர் சராசரியாக எதுவரை வருகிறதோ, அதற்கு மேலே உள்ளது உங்கள் மனை. கீழே உள்ளது பொதுச்சொத்து.

கரைவீட்டுக்காரருக்கு உரிமையே இல்லையா? உண்டு. தன் கரையிலிருந்து நீருக்குள் போய்வர, குளிக்க, மீன்பிடிக்க, படகோட்ட அவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. காட்சி மறைக்கப்படாமல் இருக்கும் உரிமையையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் அதை விவாதித்த வழக்கு, கரையோரத்தில் மண் கொட்டி நிலம் உயர்த்துவது பற்றியது. இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகிற பாய்மரத்தின் மேல் அந்த உரிமையை ஏவ முடியாது. ஆனால் ஒரு படகு உங்கள் துறையின் வாயை அடைத்து நின்று உங்கள் படகு வெளியே போக முடியாமல் செய்தால், அது வேறு விஷயம். ‘கண்ணுக்கு உறுத்துகிறது’ என்பதும் ‘வழியை மறிக்கிறது’ என்பதும் இரண்டு புகார்கள். இரண்டாவதுதான் நிற்கும்.

ஒரு விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள். மனைப்பிரிவு போட்டவர்கள் வெட்டிய கால்வாய்களில் சிலவற்றின் அடித்தரை தனியாருடையது. அங்கே கணக்கே மாறும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஊருக்கும் மாநிலத்துக்கும் நடந்த இழுபறி

மார்கோ தீவு நகராட்சி 2006-இல் ஒரு விதி போட்டது: கரைச்சுவரிலிருந்து 300 அடிக்குள் 12 மணி நேரத்துக்கு மேல் எந்தப் படகும் நங்கூரமிடக் கூடாது. படகோட்டி ஒருவர் வேண்டுமென்றே அங்கே நங்கூரம் போட்டு, அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போனார். 2007-இல் அந்த விதி அங்கே தோற்றது.

2009-இல் மாநிலச் சட்டமன்றம் எல்லையைத் தெளிவாக வரைந்தது. மிதக்கும் கட்டடங்களையும், குடியிருப்பாக மட்டுமே பயன்படும் படகுகளையும் ஊராட்சிகள் கட்டுப்படுத்தலாம். அனுமதி பெற்ற மூரிங் துறைகளுக்குள், அதாவது அடித்தரையில் நிரந்தரமாகப் பதித்த மிதவைகளில் படகைக் கட்டும் இடங்களுக்குள், எல்லாப் படகுகளுக்கும் விதி போடலாம். அந்தத் துறைகளுக்கு வெளியே, பயணம் போகிற சாதாரணப் படகின் நங்கூரத்தில் ஊர் கைவைக்க முடியாது.

கரைவீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2016-இல் மயாமி பீச்சின் சன்செட் ஏரி, பிஸ்கெய்ன் விரிகுடாவில் சில தீவுகளுக்கு இடைப்பட்ட நீர், பிரோவர்ட் கவுண்டியில் மிடில் ரிவரின் ஒரு பகுதி ஆகியவற்றில் இரவு நங்கூரத்துக்கு மாநிலமே தடை போட்டது. சூரியன் மறைந்து அரை மணி கழித்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்வரை அங்கே நங்கூரமிடக் கூடாது. 2021-இல் கவுண்டிகளுக்கும் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தது. 100 ஏக்கருக்குக் குறைவான பகுதிகளைக் குறித்து, ஆறு மாதத்தில் தொடர்ந்து 45 நாளுக்கு மேல் நங்கூரமிடத் தடை விதிக்கலாம். ஆனால் கவுண்டியின் நீர்வழிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி அடைக்கக் கூடாது.

2025-இல் இன்னொரு மாற்றம்: இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஒரே வட்டாரத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுகளுக்கு அனுமதிச்சீட்டு முறை வந்தது. இந்தச் சட்டம் அடிக்கடி திருத்தப்படுகிறது. எனவே இந்த நூலை மட்டும் நம்பி நங்கூரத்தை இறக்காதீர்கள். மாநிலத்தின் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் (இனி ‘ஆணையம்’) வெளியிடும் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

மூன்று வகைப் படகுகள்

கரையிலிருந்து பார்த்தால் எல்லாப் படகும் ஒன்றுபோலத்தான் தெரியும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்கு உயிருள்ள படகு, நோயாளிப் படகு, செத்த படகு என்று மூன்று உண்டு. பெயர்கள் நான் வைத்தவை, பிரிவு சட்டத்தினுடையது.

உயிருள்ள படகு என்பது மிதக்கும், நகரும், பதிவு எண் தாங்கும், இரவில் விளக்கு எரியும் படகு. அதில் ஆள் இருக்கலாம், கரைக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கலாம். அதை விரட்ட, மேலே சொன்ன தடைப்பகுதிகளுக்கு வெளியே, பொதுவாக யாராலும் முடியாது.

நோயாளிப் படகைச் சட்டம் ‘கைவிடப்படும் அபாயத்தில் உள்ள படகு’ என்கிறது. அறிகுறிகள் இவை:

• உள்ளே தண்ணீர் ஏறுகிறது, வெளியேற்ற வழி இல்லை.
• மூடியிருக்க வேண்டிய அறைகள் மழைக்கும் வெயிலுக்கும் திறந்து கிடக்கின்றன.
• நங்கூரம் அறுந்து போயிருக்கிறது, அல்லது அறுந்துவிடும் நிலையில் இருக்கிறது.
• உள்ளே புகுந்த நீரால் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.
• நோட்டீஸ் கொடுத்து 72 மணி நேரத்துக்குள், படகு சொந்தமாக நகரும் என்று உரிமையாளரால் காட்ட முடியவில்லை.

இந்த நிலைக்கு அபராதச் சீட்டு வரும். சரிசெய்யாமல் விட்டால் மாதம் கழித்து அடுத்த சீட்டு, இன்னும் பெரிய தொகையோடு.

செத்த படகு என்பது உடைந்து, சிதைந்து, முக்கிய பாகங்கள் கழற்றப்பட்டுப் பொதுநீரில் விடப்பட்டது. இது சிவில் அபராதத்தோடு முடியாது. முதல் தடவையே ஓராண்டுவரை சிறையும் 1,000 டாலர்வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம். அதிகாரி படகில் நோட்டீஸ் ஒட்டினால், உரிமையாளருக்கு 21 நாள். அதற்குள் அகற்ற வேண்டும், அல்லது விசாரணை கேட்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அரசே அகற்றிவிட்டுச் செலவை அவர் தலையில் கட்டும். அந்தப் பணத்தைக் கட்டாதவரை, அவர் பெயரில் வேறு படகுக்கும் பதிவு கிடைக்காது, காருக்கும் கிடைக்காது.

உயிருள்ள படகு செத்த படகாவதற்குப் புயல்தான் வேண்டும் என்றில்லை. 2017-இல் இர்மாவும் 2022-இல் இயனும் ஏராளமான படகுகளைக் கரையேற்றியது உண்மைதான். ஆனாலும் பல படகுகள் சாவது ஒரு பேட்டரியால். அடிப்பள்ளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை நம்பலாம். ஆக 10 மணி நேர ஓட்டம். சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவு, மேலே ஒரு வாரம் அடைமழை, சூரியத் தகட்டின் மேல் பறவை எச்சம். உரிமையாளர் வேறு ஊரில். பம்ப் நின்ற அன்றிரவு படகு தாழத் தொடங்கும்.

அதோடு, 1960, 70-களில் குவிந்த ஃபைபர் கிளாஸ் படகுகளுக்கு இப்போது வயது ஏறத்தாழ ஐம்பதோ அதற்கு மேலோ ஆகிவிட்டது. மரம் மக்கும், இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஃபைபர் கிளாஸ் மக்காது, விலையும் போகாது. உடைத்துக் குப்பைமேட்டுக்கு அனுப்பத்தான் காசு வேண்டும். அதனால்தான் பழைய படகுகள் ஒரு டாலருக்குக் கைமாறுகின்றன. கடைசியாக வாங்கியவர் கையில் அகற்றவும் பணம் இல்லாமல் போகிறது.

படகோட்டிக்கு: நங்கூரத்தை இறக்குமுன்

முதல் வேலை, வட்டத்தைக் கணக்கிடுவது. நங்கூரமிட்ட படகு நின்ற இடத்தில் நிற்காது. காற்றுக்கும் ஓதத்துக்கும் ஏற்பச் சுழலும். ஆழம் 8 அடி, ஓதம் ஏறினால் இன்னும் 2 அடி, நீர்மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்முனை) 4 அடி உயரம். மொத்தம் 14 அடி. கயிறு என்றால் அதைப்போல் ஏழு மடங்கு, 98 அடி விடுங்கள். படகின் நீளம் 35 அடி. அப்படியானால் அமரம், அதாவது பின்முனை, நங்கூரத்திலிருந்து 130 அடிக்கு மேல் போய்ச் சுற்றும். நங்கூரம் விழுந்த இடத்திலிருந்து கரைச்சுவர் 150 அடியில் இருந்தால், நடுராத்திரி காற்று மாறும்போது நீங்கள் அந்த வீட்டுக்காரரின் துறைக்கட்டையோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். 200 அடியாவது விடுங்கள். பக்கத்துப் படகு சங்கிலியில் நின்றால் அதன் வட்டம் சிறியது, உங்களோடு சேர்ந்து சுழலாது. அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, தள்ளி நிற்க வேண்டிய இடங்கள். மரீனா, படகிறக்கும் சரிவு, படகுப் பட்டறை ஆகியவற்றிலிருந்து 150 அடிக்குள் 2017 சட்டப்படி நங்கூரமிடக் கூடாது. பெரும் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் தளமானால் 300 அடி. பொது மூரிங் துறையின் எல்லையிலிருந்து 100 அடி. எஞ்சின் பழுதானாலோ புயல் நெருங்கினாலோ தற்காலிக விலக்கு உண்டு. போக்குவரத்து மிகுந்த கால்வாயிலும் பாலத்தடியிலும் வழியை மறித்து நிற்பது எங்கேயும் குற்றம். தனியார் வீட்டிலிருந்து இத்தனை அடி என்று மாநிலம் முழுவதற்குமான விதி எதுவும் இல்லை. இல்லை என்பதற்காக நெருங்கிப் போய் நிற்காதீர்கள். அடுத்த ஆண்டு விதி வருவதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள்.

மூன்றாவது, கழிவு. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத மலக்கழிவை விடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தொட்டியில் சேர்த்து, உறிஞ்சு நிலையத்தில் கொடுத்து, ரசீதை வைத்திருங்கள். கரைவீட்டுக்காரருடைய முதல் சந்தேகமே இதுதான். ‘கடைசியாக வியாழக்கிழமை காலிசெய்தேன், இதோ சீட்டு’ என்று சொல்ல முடிந்தால் பேச்சு அங்கேயே தணியும்.

நான்காவது, நடத்தை. ஜெனரேட்டரை இரவு எட்டு மணிக்கு நிறுத்துங்கள். தண்ணீருக்கு மேல் சத்தம் வெகுதூரம் போகும். படகின் மேல்தளத்தில் நீங்கள் பேசுவது எதிர்வீட்டுச் சமையலறையில் கேட்கும். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியைத் தனியார் துறையில் கட்டாதீர்கள், பொதுத்துறை தூரமாக இருந்தாலும். கரையில் யாராவது நின்று பார்த்தால் முதலில் கையசையுங்கள். ‘வணக்கம், செவ்வாய்க்கிழமை காற்று திரும்பியதும் கிளம்பிவிடுவோம்’ என்று நாளைச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குப் பயம், வந்தவர் போகவே மாட்டார் என்பதுதான். நாள் சொன்னவுடன் பாதி பயம் போய்விடும்.

பல வாரம் தங்குவதானால் மூரிங் துறைக்குப் போவது நல்லது. மாராத்தான் நகரின் பூட் கீ துறைமுகத்தில் 226 மிதவைகள் இருக்கின்றன. குளியலறை, துணிதுவைக்கும் இடம், கழிவு அகற்றல் எல்லாம் உண்டு. காசு கொடுத்தாலும் சண்டை இல்லாத தூக்கம் கிடைக்கும்.

கரைவீட்டுக்காரருக்கு: புகார் எழுதுமுன்

மேலே சொன்ன மூன்றில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டு இரவு கவனியுங்கள். விளக்கு எரிகிறதா? ஆள் வந்து போகிறாரா? நீர்மட்டக் கோடு நேற்று இருந்த இடத்தில் இருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? பாசி படிந்த கயிறு, கிழிந்து தொங்கும் பாய், வாரக்கணக்கில் திறந்து கிடக்கும் மேல்கதவு, எப்போதும் ஒரே பக்கச் சாய்வு இவைதான் சான்று.

பிறகு உங்கள் மனையில் நின்றபடியே படம் எடுங்கள், தேதியோடு. அணியத்தின் இருபுறமும் ‘எஃப்எல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். 1972 நவம்பருக்குப் பின் கட்டிய படகென்றால் பின்பலகையின் வலப்புறத்தில் 12 எழுத்தும் எண்ணும் கலந்த உடல் அடையாள எண் பொறித்திருக்கும். அதைப் படிக்கப் படகில் ஏற வேண்டாம். அது அதிகாரியின் வேலை.

யாரிடம் சொல்வது? நோயாளிப் படகுக்கும் செத்த படகுக்கும் ஆணையத்திடமோ, கவுண்டி ஷெரிஃபின் கடல் பிரிவிடமோ சொல்லுங்கள். எண்ணெய் கசிந்தால் கடலோரக் காவற்படை. கூட்டாட்சிக் கால்வாயை மறித்து மூழ்கியிருந்தால் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பு. கடலோரக் காவற்படை பழைய படகை இழுத்துக்கொண்டு போகாது. எண்ணெயை அகற்றிவிட்டுப் போய்விடும். இது தெரியாமல் அவர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் பலர்.

செய்யக்கூடாதவை: நங்கூரக் கயிற்றை அறுக்காதீர்கள். ஒளிவிளக்கைப் படகின் மேல் அடிக்காதீர்கள். உங்கள் சின்னப் படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு இடத்தை அடைக்காதீர்கள். சிலர் செய்து பார்த்ததுதான், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுதான் மிச்சம். ஆளில்லாப் படகு என்று நினைத்து இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். கைவிட்டது போலத் தெரிந்தாலும் அதற்கு ஓர் உரிமையாளர் இருப்பார். சட்டப்படி அறிவிப்பு முடியும்வரை அது அவருடையது.

ஊர் அதிகாரிகளுக்கும் இது பாடம். ரிவியரா பீச் நகராட்சி, ஃபேன் லோஸ்மன் என்பவரின் மிதக்கும் வீட்டைக் கடல்சார் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்து அழித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013-இல் தீர்ப்பு: அது ‘கப்பல்’ என்ற வகையிலேயே வராது. வீடு போய்விட்டது, ஆனால் நகராட்சி தோற்றது. எது படகு, எது வீடு, எது குப்பை என்று முதலிலேயே சரியாகப் பெயர் வைக்காவிட்டால் வென்றது போலிருக்கும் வழக்கும் கடைசியில் கவிழும்.

எழுதும் புகாரில் ‘இந்தப் படகுகளால் எங்கள் வீட்டு மதிப்பு குறைகிறது’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த எண்ணுள்ள படகு மூன்று வாரமாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இரவில் விளக்கு இல்லை, படங்கள் இணைப்பு’ என்று எழுதுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வரும். இரண்டாவதற்கு அதிகாரி வருவார்.

படகைக் கைவிட நினைக்கும்போது

ஒருநாள் உங்கள் படகும் பழசாகும். அப்போது இந்த வரிசையில் யோசியுங்கள்.

விற்பதானால் உரிமைப் பத்திரத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்றிய சான்று கையில் வரும்வரை விடாதீர்கள். ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர் வீட்டுக்கு ஓராண்டு கழித்து நோட்டீஸ் வருவது, பெயர் மாற்றாததால்தான்.

விற்க முடியாவிட்டால், நன்றாக மிதக்கும்போதே கரையேற்றி உடைக்கக் கொடுங்கள். மூழ்கிய படகை எடுக்க மூழ்குநர், பாரந்தூக்கி, மிதவைத்தளம் எல்லாம் வேண்டும். அடிக்குச் சில நூறு டாலர் என்று கணக்கு ஏறும். 30 அடிப் படகுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

‘அபாயத்தில் உள்ள படகு’ என்று எச்சரிக்கை வாங்கிவிட்டீர்களா? ஆணையம் 2022-இல் தொடங்கிய ஒப்படைப்புத் திட்டத்தைக் கேளுங்கள். படகு இன்னும் மிதந்து, பத்திரம் உங்கள் பெயரில் தெளிவாக இருந்தால், நீங்களாகவே ஒப்படைக்கலாம். உங்களிடம் செலவு வாங்காமல் அகற்றிவிடுவார்கள். செத்த படகு என்று நோட்டீஸ் ஒட்டிய பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

கடைசியாக ஒரு விளக்கு

படகோட்டியே, படுக்கப் போகுமுன் மேலே ஏறி நங்கூர விளக்கைப் பாருங்கள். எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு. சூரியன் மறைந்ததிலிருந்து உதயம்வரை எரிய வேண்டும். இருட்டில் வரும் இன்னொரு படகு மோதாமல் இருக்கத்தான் சட்டம் இதைக் கேட்கிறது.

கரையில் இருப்பவரும் தூங்கப் போகுமுன் ஜன்னல் வழியே அதைத்தான் பார்ப்பார். விளக்கு எரிந்தால் அந்தப் படகில் ஆள் இருக்கிறார், பேட்டரி இருக்கிறது, பம்ப் ஓடும். எரியாவிட்டால் அவர் காலையில் தொலைபேசியை எடுப்பார். எடுக்க அவருக்கு நியாயமும் இருக்கும்.